க, ச, த, ந: ஜப்பானிய எழுத்துவரிசை வந்த வழி

ஜப்பானியப் பிள்ளைகள் பள்ளியில் ஒப்பிக்கும் உயிரெழுத்துகள் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. அவற்றைத் தொடர்ந்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று ஒன்பது வரிசைகள் வரும். ஒவ்வொரு வரிசையும் க, கி, கு, கெ, கொ என அந்த ஐந்து உயிரோடும் சேர்ந்து விரியும். இனி நம் நெடுங்கணக்கை எடுத்துக்கொள்வோம். உயிரில் நெடில்களையும் ஐ, ஔ இரண்டையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது அ, இ, உ, எ, ஒ. மெய்யில் ஜப்பானிய மொழியில் தனி வரிசை பெறாத ங, ஞ, ட, ண, ல, ழ, ள, ற, ன ஆகிய ஒன்பதையும் விலக்கினால் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ நிற்கும். ஓரிடத்தில் மட்டும் வேற்றுமை: நமக்கு ப வரும் இடத்தில் அவர்களுக்கு ஹ. தற்செயல் என்று இதைத் தள்ள முடியாது. ஒன்பது மெய்களை 3,62,880 விதமாக அடுக்கலாம். ஐந்து உயிர்களை 120 விதமாக. அத்தனை வழிகளில் இந்த ஒன்றே இரு நாடுகளிலும் அமைந்ததற்குக் காரணம் வேண்டும். மூன்று விடைகள் சொல்லப்படலாம்: இரு மொழிகளும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதிக்கொண்டது, இரண்டும் மூன்றாவது ஒன்றிலிருந்து பெற்றன. மூன்றாவதே சரி என்பதும், அந்த வரிசை ஜப்பானில் ஆயிரம் ஆண்டு நிலைத்ததற்குக் காரணம் ஒவ்வொரு காலத்திலும் அது வேறொரு வேலைக்குக் கருவியானதே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ரோமானிய எழுத்துகளில் ஏக்குப் பின் ஏன் பி வருகிறது என்று கேட்டால் ஒலியியல் வழியில் பதில் கிடைக்காது. இந்திய வரிசைக்கு அப்படி ஒரு பதில் உண்டு. மூச்சு தடைபடும் இடம் தொண்டைப் பக்கம் தொடங்கி அண்ணம், பல் என்று முன்னேறி உதட்டில் முடிகிறது. க, ச, ட, த, ப அந்தப் பாதையின் ஐந்து நிறுத்தங்கள். இடையின எழுத்துகள் அதன்பின் தனிக் குழுவாக நிற்கின்றன. வேதம் ஓதுவோரின் பிராதிசாக்கிய நூல்கள் இந்த ஆராய்ச்சியை நடத்தின. தொல்காப்பியத்தின் பிறப்பியல் தமிழ் ஒலிகளுக்கு அதைச் செய்தது. வாயின் வரைபடம் போன்ற இந்த அடுக்கை வேறொரு நாட்டில் கண்டால், அந்த ஆராய்ச்சியே அங்கே போயிருக்கிறது என்று ஐயுறலாம். திபெத், பர்மா, கம்போடியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் எழுத்துவடிவமும் வரிசையும் சேர்ந்தே போயின. ஜாவாவில் வடிவம் இந்தியாவிலிருந்து போனது. ஆனால் அங்குள்ளோர் எழுத்துகளை ஹ, ந, ச, ர, க என்று தொடங்கும் ஒரு செய்யுளாக அடுக்கிக்கொண்டார்கள். ஜப்பான் இதற்கு நேர் எதிர். காத்தகானா, ஹிராகானா இரண்டின் வடிவமும் சீன எழுத்துகளிலிருந்து பிறந்தவை. அவற்றை அடுக்கிய முறை மட்டுமே இந்தியாவுடையது. வடிவம் போகாமல் வரிசை மட்டும் எப்படிப் போனது என்பதே விளக்கப்பட வேண்டியது.

கொண்டு சேர்த்தது பௌத்தம். அதிலும் குறிப்பாக மந்திரம் ஓதும் பௌத்தம். ஒரு சூத்திரத்தைச் சீனத்தில் மொழிபெயர்த்துவிடலாம். தாரணி எனப்படும் மந்திரத்தில் பொருளைவிட ஒலிதான் முதன்மை. அதை மொழிபெயர்க்க வழியில்லை. சீன எழுத்தோ இடத்துக்கிடம், காலத்துக்குக் காலம் ஒலி மாறும் இயல்புடையது. ஆகவே மந்திரத்தைப் பிழையின்றி ஓத விரும்பிய துறவிகள் 'சித்தம்' என்னும் வட இந்திய எழுத்தைப் படிக்க வேண்டியதாயிற்று. நாராவுக்கருகே ஹோர்யூஜி கோயிலில் காக்கப்பட்டு, இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் பனையோலைச் சுவடியில், பிரக்ஞாபாரமித இதய சூத்திரத்துக்கும் ஒரு தாரணிக்கும் பின்னால் எழுத்துவரிசை முழுதாக எழுதப்பட்டிருக்கிறது. 736இல் போதிசேனர் என்ற இந்தியத் துறவி, சம்பா நாட்டுத் துறவி ஒருவரோடு ஜப்பானில் கால் வைத்தார். 752இல் தோதாய்ஜியின் மாபெரும் வெண்கலப் புத்தருக்குக் கண்திறந்தவர் அவரே. ஆனாலும் பெரிய விழாக்களைவிடச் சிறிய பாடநூல்களே இங்கு முக்கியம். 804இல் சீனம் சென்று 806இல் திரும்பிய கூக்காய் என்ற ஜப்பானியத் துறவி கொண்டுவந்த நூல்களில் ஜிகுவாங் என்ற சீனத் துறவி எழுதிய சித்த எழுத்துக் கையேடு ஒன்று. அந்த எழுத்தை ஜிகுவாங் யாரிடம் கற்றார் என்று கையேட்டின் முன்னுரையே சொல்கிறது: தென்கடல் வழியாக வந்து வூதாய் மலையை வணங்கச் சென்ற, தென்னிந்தியரான பிரக்ஞாபோதியிடம். 838 முதல் 847 வரை சீனத்தில் இருந்த என்னின் என்ற துறவிக்குத் தலைநகர் சாங்கானில் இந்த எழுத்தைக் கற்பித்த ரத்னசந்திரரும், சீனர் வழக்கில் பாவ்யுவே, தென்னிந்தியரே. கூக்காயின் குருமரபில் மூன்று தலைமுறைக்கு முன் நிற்கும் வஜ்ரபோதியைக் காஞ்சியோடும் பல்லவ அரசவையோடும் இணைத்துச் சீன வரலாறுகள் பேசுகின்றன.

இந்தப் பெயர்களைக் கண்டவுடன் தமிழ் நெடுங்கணக்கே கப்பலேறி ஜப்பான் போயிற்று என்று சொல்லத் தோன்றும். சான்று அதற்கு இடம் தரவில்லை. சீன நூல்களில் தென்னிந்தியா என்பது மிக விரிந்த நிலப்பகுதி; அங்கிருந்து வந்தவரெல்லாம் தமிழ் பேசினார் என்று கொள்ள ஆதாரமில்லை. தவிர, அவர்கள் கற்பித்தது தமிழெழுத்தும் அன்று, கிரந்தமும் அன்று. வர்க்க எழுத்துகளும் சம்ஸ்கிருத ஒலிகளும் நிறைந்த சித்தம் அது. ஜப்பானியர் தம் மொழியில் இல்லாத வர்க்க ஒலிகளையும் நாவளை ஒலிகளையும் அதிலிருந்து உதிர்த்தபோது எஞ்சியது தமிழ் வரிசையை ஒத்திருப்பதற்குக் காரணம், தமிழும் ஏறக்குறைய அதே எழுத்துகளை விட்டுவைத்திருப்பதே.

ஐந்து உயிரையும் பத்து வரிசையையும் கட்டம் போட்டு அடுக்கும் 'ஐம்பதொலி' அட்டவணை ஜப்பானிய மண்ணில் பிறந்ததைச் சுவடிகள் படிப்படியாகக் காட்டுகின்றன. 880இல் அன்னென் என்ற தெந்தாய்ப் பிரிவுத் துறவி, அதுவரை சேர்ந்திருந்த சித்த எழுத்துக் கல்வியையெல்லாம் ஒரு பெருநூலாகத் தொகுத்தார். இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய ஐம்பதொலி அட்டவணை, ஏறத்தாழ 1004க்கும் 1028க்கும் இடைப்பட்ட மயூர சூத்திர ஒலிவிளக்கச் சுவடி ஒன்றில் உள்ளது. அதில் உயிர்களின் வரிசை இ, ஒ, அ, எ, உ. அது இந்திய முறை ஆகாது. 1093இல் மியோகாக்கு என்ற துறவி எழுதிய நூலில்தான் உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என்று ஒழுங்குபடுகின்றன; மெய்கள் தொண்டை, நா, உதடு என்று பிறப்பிடம் பார்த்துக் கூட்டப்படுகின்றன. அவர் கூட்டிய முறையும் இன்றைய வரிசையோடு முழுதும் ஒத்துப்போகவில்லை. இன்றைய வடிவம் உறுதிப்பட மேலும் சில நூற்றாண்டுகள் ஆயின.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழுகிறது. மிகப் பழைய அட்டவணையே இந்திய வரிசையில் இல்லை. மியோகாக்குவின் நூலும் சீன எழுத்தின் ஒலியை இரு எழுத்துகளால் பிரித்துக்காட்டும் சீன முறையை விளக்க எழுந்தது. அப்படியிருக்க, ஐம்பதொலி சீனக் கல்வியின் குழந்தை என்று ஏன் சொல்லக்கூடாது? மறுப்பின் முதல் பாதியை ஏற்கத்தான் வேண்டும். ஒரு மெய்யையும் ஓர் உயிரையும் பிரித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போடத் தூண்டிய உடனடித் தேவை சீன எழுத்தைப் படிப்பதே. ஆனால் கட்டம் போட்டது ஒரு செயல். கட்டங்களை எந்த வரிசையில் நிரப்புவது என்பது மற்றொரு செயல். சீன முதலொலிகள் முப்பத்தாறின் மரபுவரிசை ககரத்தில் தொடங்கி உடனே தகரத்துக்குத் தாவுகிறது, பிறகு உதட்டொலி, சகர இனம் அதற்கும் பின்னால்தான். ஒலி அட்டவணை நூல்கள் சில உதட்டொலியிலேயே தொடங்குகின்றன. க, ச, த, ந, ப என்ற நடை எந்தச் சீன அட்டவணையிலிருந்தும் கிடைக்காது. சீன ஒலியியலே இந்திய ஒலியியலைக் கற்ற துறவிகளின் கையால் வளர்ந்தது என்பதை இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் அட்டவணைகள் ஒழுங்கற்றிருந்ததும் வாதத்துக்குப் பலமே சேர்க்கிறது: தொடக்கத்தில் வரிசை முக்கியமாக இருக்கவில்லை, சித்த எழுத்தைக் கற்றவர்கள் தாம் அறிந்த அடுக்கை நோக்கிச் சிறிது சிறிதாக அதை இழுத்துக்கொண்டார்கள்.

இன்னும் வலுவான சான்று, வரிசை பிசகியதுபோல் தோன்றும் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஹகரம் தொண்டையில் பிறப்பது. நகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவே, உதட்டொலியின் இடத்தில், அதற்கு என்ன வேலை? இன்றைய ஒலியை வைத்துப் பார்த்தால் விடையில்லை. ஜப்பானிய எழுத்தில் ககரத்துக்குமேல் இரண்டு கோடு இட்டால் ஒலிப்புடைய ககரமாகும், தகரத்துக்கு இட்டால் ஒலிப்புடைய தகரம். ஹகரத்துக்கு இட்டால் மட்டும் உதட்டில் பிறக்கும் ஒலிப்புடைய பகரம் வருகிறது. மியாகோ தீவில் பூவுக்கு இன்னும் 'பனா' என்கிறார்கள். தலைநகர வழக்கில் அது 'ஹனா'. அமாகுசாவில் 1592இல் ஏசு சபையார் அச்சிட்ட நூலில் 'ஹெய்கே' என்ற குலப்பெயர் ஃபகரத்தில் தொடங்கும்படி ரோமானிய எழுத்தில் இருக்கிறது. நாகசாகியில் 1603இல் வெளிவந்த போர்த்துகீசிய அகராதியும் அவ்வாறே எழுதுகிறது. 16ஆம் நூற்றாண்டு விடுகதை ஒன்று, தாயோடு இருமுறை சேர்வது, தந்தையோடு ஒருமுறையும் சேராதது எது என்று கேட்கிறது, விடை உதடு. தாய்க்கான 'ஹஹா' என்ற சொல்லில் அக்காலத்தில் உதடு இருமுறை கூடாவிட்டால் அந்த விடுகதைக்குப் பொருளே இல்லை. உயேதா கசுதோஷி 1898இல் எழுதிய கட்டுரை, தொல்பழங்காலத்தில் இந்த ஒலி பகரமே என்று வாதிட்டது. அது பிறகு ஃபகரமாகி, கடைசியில் ஹகரமாயிற்று என்பதை இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர். அட்டவணை வகுக்கப்பட்ட 11ஆம் நூற்றாண்டில் அது பகரமா, இரு உதடும் உரசும் ஃபகரமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தாலும் உதட்டொலி என்பதில் ஐயமில்லை. மியோகாக்குவே அதை மகரத்தோடும் வகரத்தோடும் உதட்டுக் குழுவில்தான் வைத்தார். ஒலி நகர்ந்துவிட்டது, இடம் நகரவில்லை.

சகரம் இதைவிட நுட்பமானது. சம்ஸ்கிருத வரிசையில் உரசொலிச் சகரங்கள் வகரத்துக்குப் பின்னால், ஏறக்குறைய கடைசியில் வரும். ஜப்பானியச் சகரம் உரசொலிதானே, அது ஏன் இரண்டாம் இடத்தில்? சம்ஸ்கிருதத்தில் அந்த இடத்தில் இருப்பது 'பச்சை' என்னும்போது நாம் ஒலிக்கும் தடைபட்ட சகரம். பண்டை ஜப்பானியத்திலும் இந்த எழுத்துக்குத் தடையொலி இருந்தது என்பது ஒரு சாராரின் கருத்து; சம்ஸ்கிருத எழுத்து ஒவ்வொன்றையும் தாய்நாட்டு ஒலியோடு ஒப்பிட்டு என்னின் எழுதிவைத்த குறிப்புகள் அவர்களுக்கு ஓர் ஆதாரம். ஜப்பானியர் அந்த இந்திய ஒலியைத் தம் வாய்க்கு எட்டிய சகரத்தால் ஓதினார்கள், அதனால் சகரம் அங்கே அமர்ந்தது என்பது மற்றொரு கருத்து. 'சட்டை'யில் ஒருவிதமாகவும் 'பச்சை'யில் ஒருவிதமாகவும் ஒரே எழுத்தை ஒலிக்கும் தமிழருக்கு இரண்டு விளக்கமும் அந்நியமாகப் படாது. எது சரியானாலும், எழுத்தின் இருக்கை இந்திய வரிசையால் முன்பே குறிக்கப்பட்டிருந்தது என்பதை இரண்டும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அடுத்த மறுப்பு ஜப்பானுக்குள்ளேயே எழுந்தது. இன்று அது வேடிக்கையாகத் தோன்றினாலும் ஒரு காலத்தில் செல்வாக்குடையது. 18ஆம் நூற்றாண்டில் சீனக் கல்வியையும் பௌத்தத்தையும் விலக்கி நாட்டின் தொன்மையை மீட்கப் புறப்பட்ட அறிஞர்களில் ஒருவரான காமோ நோ மபுச்சி, ஐம்பதொலி தம் நாட்டுக்கே இயல்பாக உரியது என்று போற்றினார். அவர் கையில் இருந்த அட்டவணையோ மந்திரம் ஓதும் ஷிங்கோன் பிரிவுத் துறவிகள் வளர்த்த சொத்து. அப்பிரிவைச் சேர்ந்த கெய்ச்சூ, சித்த எழுத்தில் தேர்ந்தவர். பழம்பாடல் தொகுதியான மன்யோஷூவை ஆராய்ந்து, பண்டை எழுத்திலக்கணத்தை மீட்கும் நூலை 1695இல் வெளியிட்டவர். மந்திரம் ஓதக் கற்ற கல்வி, உள்நாட்டுச் செய்யுளை ஆராயும் கல்வியாகத் திரும்பியது அவரிடத்தில்தான். அவர் வழியில் வந்த மோத்தோஓரி நோரினாகா, அட்டவணையில் நெடுநாள் இருந்த ஒரு பிழையைக் கண்டார். ஒ, வொ இரண்டும் பேச்சில் ஒன்றாகிவிட்டதால் ஒன்றின் கட்டத்தில் மற்றொன்று உட்கார்ந்திருந்தது. கெய்ச்சூவும் அதை அப்படியே விட்டிருந்தார். பழம்பாடல்களின் அசையமைப்பைச் சான்றாகக் கொண்டு 1776இல் வெளியான நூலில் நோரினாகா இரண்டையும் இடம்மாற்றினார். ஒலி அழிந்துபோன பிறகும் அது இருந்த இடத்தைக் கட்டம் காட்டிக்கொடுத்தது. அயல்நாட்டுச் சிந்தனையை வாழ்நாள் முழுதும் கண்டித்த ஒருவரின் நுட்பமான கண்டுபிடிப்புகளில் ஒன்று, அயல்நாட்டு அட்டவணையைச் செம்மை செய்ததாக அமைந்தது.

அதே காலத்தில் அட்டவணை இலக்கணத்துக்குள்ளும் புகுந்தது. 'எழுது' என்பதற்கான வினை காகா, காகி, காகு, காகெ, காகொ என்று ஈறு மாறும். அது ககர வரிசையின் கட்டங்களில் ஏறி இறங்குவதை அறிஞர்கள் கவனித்தார்கள். நோரினாகாவின் மகன் ஹாருனிவா 1808இல் வெளியிட்ட நூல் வினைவகைகளை இந்தக் கட்டங்களைக் கொண்டே பகுத்தது. இன்றைய பள்ளி இலக்கணமும் 'ஐந்துபடி வினை' என்றுதான் கற்பிக்கிறது. அட்டவணையை யாரும் இனி அகற்ற முடியாதபடி செய்தது இதுவே என்பது என் கணிப்பு. வெறும் மனப்பாட வரிசை என்றால் வேறொன்று அதன் இடத்தைப் பிடித்திருக்கும்.

அப்படிப் பிடிக்கத் தகுந்த போட்டியாளர் இருக்கவும் செய்தது. 47 எழுத்துகளும் ஒவ்வொருமுறை மட்டும் வரும்படி அமைந்த 'இரோஹா' என்ற செய்யுள், நிலையாமையைப் பாடுவது, 1079ஆம் ஆண்டுச் சுவடியிலேயே காணப்படுகிறது. கூக்காய் பாடியது என்று மரபு சொன்னாலும், அவர் காலத்துக்குப் பிந்தியது என்பதே ஆய்வாளர் முடிவு. எண்ணூறு ஆண்டுகள் மக்களிடம் வழங்கிய வரிசை இதுதான். 1720இல் எடோ நகரத்தின் தீயணைப்புப் படைகளுக்குப் பெயரிட்டதும் இந்த எழுத்துகளாலே. ஐம்பதொலி கற்றோர் கையில் இருந்தது, இரோஹா தெருவில் இருந்தது. 1889 முதல் 1891 வரை ஓட்சுகி ஃபுமிஹிகோ வெளியிட்ட 'கென்காய்' அகராதி ஐம்பதொலி வரிசையை எடுத்துக்கொண்டபோது, கதைசொல்லும் அரங்குகளில் செருப்புக்குக் கொடுக்கும் வில்லையை இந்த வரிசையில் வைத்து நடத்த முடியுமா என்று ஃபுகுசாவா யுகிச்சி முகம் சுளித்ததாக ஒரு செய்தி உண்டு. மேற்கத்திய நாகரிகத்தை வரவேற்ற அவர் பழைய செய்யுளுக்காகப் பேசினார். நவீன அகராதி பதினோராம் நூற்றாண்டுத் துறவியரின் கட்டத்துக்குத் திரும்பியது. ஒரு சொல்லைத் தேட, செய்யுளில் அவ்வெழுத்து எங்கே வருகிறது என்று மனத்துக்குள் பாடிப் பார்ப்பதைவிட வரிசையும் படியும் அறிந்து தேடுவது எளிது என்பதே வெற்றிக்குக் காரணம். இரோஹா இன்று இசைச் சுரங்களின் பெயர்களிலும் நிக்கோ மலைப்பாதையின் வளைவுகளிலும் தங்கிவிட்டது.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இந்தப் பொருளைப் பேசும்போது எழும் கேள்வி சுசுமு ஓனோவைப் பற்றியது. 2008இல் மறைந்த அவர், தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று 1980 முதல் எழுதிவந்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் அ. சண்முகதாசும் மனோன்மணியும் அவரோடு இணைந்து உழைத்தார்கள். மரபுறவு என்று தொடங்கி, மக்கள் தொடர்பால் நேர்ந்த கலப்பு என்று பின்னாளில் அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பெரும்பாலான மொழியியலாளர் அதையும் ஏற்கவில்லை. அந்த வழக்கின் முடிவு எதுவாயினும், எழுத்துவரிசையை அதில் சாட்சியாக நிறுத்தக் கூடாது. ஓனோ பேசிய தொடர்பு கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தது. வரிசையோ எழுத்தோடும் சூத்திரத்தோடும் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் துறவிகள் கொண்டுவந்தது, பெயரும் ஆண்டும் குறிக்கத்தக்கது. மொழியுறவை நிறுவ விரும்புவோர் ஒலிமாற்ற விதிகளைக் காட்ட வேண்டும். அகர வரிசை ஒற்றுமையைக் காட்டிப் பயனில்லை. மேடைகளில் இரண்டையும் கலப்பவர்கள் ஓனோவின் உழைப்புக்கும் நன்மை செய்யவில்லை.

1946இன் எழுத்துச் சீர்திருத்தம் வகர வரிசையில் வழக்கொழிந்த வி, வெ இரண்டையும் நீக்கியது. யகர வரிசையில் இரண்டு கட்டங்களும் வகர வரிசையில் ஒன்றும் முன்பே காலி. ஐம்பது என்ற பெயர் நிற்க, இன்று அடிப்படை எழுத்துகள் 46, அதில் கட்டத்துக்கு வெளியே நிற்கும் கடைசி மூக்கொலியும் அடக்கம். வரிசைகள் பத்து என்பது மாறவில்லை. ஜப்பானியக் கைப்பேசியின் எண்பலகையில் 1இல் அகர வரிசை, 2இல் ககரம், 3இல் சகரம், 4இல் தகரம், 5இல் நகரம், 6இல் ஹகரம், 7இல் மகரம், 8இல் யகரம், 9இல் ரகரம், 0இல் வகரம்.